முதுகில் தேய்ந்த சட்டை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஒரு பல் மருத்துவமனையில், காத்திருப்பவர்களுக்காகப் போட்டிருந்த பழைய பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை படித்தேன். விடுமுறை நாட்களில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சின்னச் சின்ன ஒட்டுத்துணித் தையல் வேலைகளைப் பற்றியது. பருவத்துக்கு ஒன்று. படத்தில் ஜன்னலோரம் ஒரு பெண், மடியில் வண்ணத் துண்டுகள், பக்கத்தில் ஆவி பறக்கும் கோப்பை. 'குடும்பத்தோடு தைத்து மகிழுங்கள்' என்று கீழே எழுதியிருந்தது.

(அந்தப் பத்திரிகையை நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தேனா, அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தேனா என்பதை இப்போதைக்கு விடுங்கள்.)

படித்ததும் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்தேன். எங்கள் வீட்டில் குடும்பத்தோடு தைப்போம். இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் குடும்பத்தோடு தைப்பார்கள். தைக்கிற விடுமுறையின் பத்து நாளும் யாராவது ஒருவருக்குச் சோறு இறங்காது. ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு அதெல்லாம் தெரிய நியாயமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவது நன்றாக வராது என்று கல்லூரியில் ஒரு பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அவருக்கு எழுதும் அறை தனியாக இருந்தது.

2

தொடக்கம் ஒன்று: 'துணிக்கு நினைவாற்றல் உண்டு. அணிந்தவரின் வாசனையை அது ஒருபோதும்

வேண்டாம். துணிக்கு எந்த நினைவும் கிடையாது. நூலின் தடிமன் உண்டு, சுருங்கும் அளவு உண்டு, சாயம் போகும் வேகம் உண்டு. மேலே உள்ள வரியை அழிக்காமல் விட்டிருப்பது, நானும் அப்படியெல்லாம் எழுதக்கூடியவள்தான் என்று உங்களை எச்சரிப்பதற்கு.

தொடக்கம் இரண்டு: 'விடுமுறைக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்காவிடமிருந்து பார்சல் வந்தது.'

இது பரவாயில்லை. ஆனால் அக்கா யார், பார்சல் எதற்கு என்று சொல்லாமல் நேரே உள்ளே போனால் நீங்கள் வாசலிலேயே நிற்பீர்கள். ஆக முதலில் வழக்கத்தைச் சொல்கிறேன்.

3

ஒட்டுவிரிப்பு என்பது மூன்றடுக்கு. மேலே சதுரம் சதுரமாக வெட்டி இணைத்த பழைய துணிகள், நடுவில் நைந்துபோன போர்வை, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து வரிவரியாகக் கையால் ஓட்டுத் தையல் போட்டால் முடிந்தது. இந்த வீட்டில் மழைக்காலத்துக்குக் கால்மிதி, வெயில் காலத்துக்குத் தண்ணீர் பாட்டில் உறை, ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு மேசை விரிப்பு என்று வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். மற்ற இரண்டையும் யார் வேண்டுமானாலும் தைக்கலாம், எந்தத் துணியில் வேண்டுமானாலும் தைக்கலாம். மேசை விரிப்பு அப்படியில்லை.

அம்மா தையல் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தைத்து வரும் சட்டைகளைத் தடவித் தடவிப் பிழை கண்டுபிடித்து ஒதுக்குவது. இருபத்திரண்டு வருஷம். ஆண்டுக் கடைசியில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கக் கம்பெனியை மூடும் பத்து நாள்தான் அவளுக்கு மொத்தமாகக் கிடைக்கும் விடுப்பு. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவருக்கும் அப்போதுதான் லீவு. அந்தப் பத்து நாளுக்கு அம்மா போட்ட சட்டம் இது: வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரும் அந்த வருஷம் தாங்கள் உடுத்திய துணியிலிருந்து ஓர் அடிக்கு ஓர் அடி ஒரு துண்டு கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிய புதுத்துணி ஆகாது. முதல் நாள் காலையில், தைப்பதற்கு முன், அவரவர் துண்டை அவரவர் கையால் மேசைமேல் வைக்க வேண்டும். வராதவருடையதை அவர் வீட்டிலிருந்து வந்தவர் வைக்க வேண்டும். தைத்து முடிந்ததும் பத்து நாளும் அவரவர் கட்டத்தின்மேல் அவரவர் தட்டு.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது, இல்லையா? எனக்கே எழுதும்போது கண் கலங்கிவிட்டது. அதனால் அடுத்ததையும் உடனே எழுதிவிடுகிறேன்.

மேசை இரண்டடி அகலம், மூன்றடி நீளம். ஆறு கட்டம். மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆனதும் வீட்டில் ஐந்து பேர். ஒரு கட்டத்துக்குத் துண்டு குறைந்தது. அம்மா ஆறாவது இடத்தில் வெறும் வெள்ளைத்துணி வைத்துத் தைத்தாள். யாரோ கேட்டதற்கு, "வரப்போற ஆளுக்கு" என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். அப்பா சிரித்தார். அடுத்த வருஷமும் வெள்ளை. அதற்கடுத்த வருஷமும் வெள்ளை. அப்போது அக்காவின் இடம் அந்த வெள்ளைக்கு நேர் எதிரே. மூன்று விடுமுறை, முப்பது நாள், தொண்ணூறு வேளைச் சாப்பாடு அதைப் பார்த்தபடி சாப்பிட்டாள். நாலாவது வருஷம் குழந்தை பிறந்து, அதன் சட்டைத்துணியை அங்கே வைத்தபோது அக்கா அழுதாள். எல்லாரும் சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள்.

4

கதையின் நாயகிக்கு வருவோம். இளைய மகள். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். இயற்பியலில் முதுகலை. அப்பா அவளை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். முதலில் பெருமையாகக் கூப்பிட்டார். வேலை கிடைக்காத இரண்டு வருஷத்தில் அது கொஞ்சம் கிண்டலாக மாறி, இப்போது இரண்டும் இல்லாமல் வெறும் பெயராகிவிட்டது.

அவளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று ரொம்ப யோசித்தேன். முதல் வரைவில், காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களில் பொய் இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலை கொடுத்திருந்தேன். இனி வரப்போவதற்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது. அவ்வளவு பொருந்தினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் உண்மையையே வைத்துவிட்டேன். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. 'டாக்டர் இப்ப வந்துடுவார், உக்காருங்க' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வதற்கு இயற்பியல் படித்திருந்தாள்.

இவள்மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதை இங்கேயே பதிந்துவைக்கிறேன். இவள் எப்போதும் சரியான பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறாள்.

5

விடுமுறைக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்காவிடமிருந்து பார்சல் வந்தது. அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கே எப்போது லிஃப்ட் நின்றாலும் கூப்பிட்டுவிடுவார்கள் என்பதால், இந்த வருஷம் அவருக்கு லீவு இல்லை, நானும் குட்டியும்தான் வருவோம் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். துணிகளை முன்கூட்டியே வெட்டி வைக்க ஒவ்வொரு வருஷமும் வரும் பார்சல் இது; வழக்கமாக அம்மாதான் பிரிப்பாள். ஆனால் போன வாரம் நூல் வெட்டும் கத்தி பட்டு அம்மாவின் வலது கட்டைவிரலில் இரண்டு தையல் போட்டிருந்தது.

"இந்த வருஷம் வெட்டுறது நீ," என்றாள் அம்மா. "சோப்புத் துண்டால கோடு போட்டுக்கோ. பென்சில் வேண்டாம். ஓரம் கால் அங்குலம் விடு. டிகிரி வாங்கினவதான, அளக்கத் தெரியும்ல."

மூன்று துணி. அக்காவுடையது ஒரு பழுப்புச் சேலை, மடிப்பில் நைந்தது. அவள் மகள் குட்டியுடையது பூப்போட்ட கவுன், ஏழு வயதுக்காரி ஒரு வருஷத்தில் எவ்வளவு தரையில் உட்கார முடியுமோ அவ்வளவு உட்கார்ந்த துணி. மூன்றாவது நீலக் கட்டம் போட்ட சட்டையின் முதுகுப் பக்கம்.

டிகிரி அதை விரித்துக் கோடு போடக் குனிந்தாள். சோப்பு வழுக்கியது. துணி விறைப்பாக இருந்தது. ஓரத்தில் இரண்டு சின்னத் துளை, பக்கத்தில் பக்கத்தில். இன்னும் கீழே இரண்டு. செக்கிங் வேலை பார்ப்பவளின் மகளுக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. புதுச் சட்டையை அட்டையில் மடித்துக் குத்தியிருக்கும் குண்டூசியின் துளைகள். அந்தச் சட்டையை யாரும் ஒரு நாள்கூடப் போட்டதில்லை.

துணியைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அம்மா அடுப்படியிலிருந்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கும்மா," என்றாள். இந்தக் கதையில் அவள் சொல்லும் முதல் பொய் இதுதான். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நான் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை.

6

மறுநாள் மருத்துவமனையில், சாப்பாட்டு இடைவேளையில், அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அந்த நீலச் சட்டை யாரோடது?"

"அவரோடதுதான். ஏன்?"

"எப்ப வாங்கினது?"

"ஏய், நீ என்ன போலீஸா?"

"குண்டூசி ஓட்டை இருக்குக்கா."

அந்தப் பக்கம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடும் சத்தம்.

"அம்மா பாத்துட்டாங்களா?"

"இல்ல. அவங்க விரல்ல தையல். நான்தான் வெட்டுறேன்."

"அப்ப சரி."

"என்ன சரி?"

"போயிட்டாருடி," என்றாள் அக்கா. பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள். "எட்டு மாசம் ஆச்சு. அலமாரியில ஒரு பனியன்கூட விட்டு வைக்கல, அவ்வளவு சுத்தம். நான் எங்கேருந்து துணி அனுப்புறது?"

"எட்டு மாசமா? என்கிட்டகூடச் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? பஸ் ஏறி வந்து அவர் சட்டையைப் புடிச்சிருப்ப."

"புடிச்சா என்ன தப்பு?"

"அதான் சொல்லல."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கணும்க்கா. இது என்ன பெரிய குத்தமா? ஓடிப்போனது அவரு. நீ எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?"

"இங்க பாரு. எனக்கு மறுபடியும் அந்த வெள்ளைத்துணி முன்னாடி உக்காந்து சாப்பிட முடியாது. அவ்வளவுதான். பத்து நாள் கழியட்டும். கிளம்புற அன்னைக்கு நானே அம்மாகிட்ட சொல்லிட்டுப் பஸ் ஏறிடுறேன்."

"குட்டி?"

"அவ வாயைத் திறக்கமாட்டா. என்னைவிட விவரம்." மறுபடி குழாயைத் திறக்கும் சத்தம். "ரெண்டு தடவ நனைச்சுப் போட்டேன்டி, அப்பவும் விறைப்பு போகல. நல்ல சட்டையா வாங்கிட்டேன்போல. நீ கொஞ்சம் பாத்துக்கோ."

* இந்த உரையாடலை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அக்கா ஒரு இடத்தில்கூட அழவில்லை. அழவைத்தால் உங்களுக்கு அவள்மேல் இரக்கம் கூடும் என்று தெரியும். எட்டு மாசத்தில் அவள் அழுத அழுகையெல்லாம் எனக்குச் சொல்லப்படவில்லை. சொல்லப்படாததை நான் எப்படி எழுதுவது?

7

டிகிரிக்கு அக்காமேல் கோபம், அத்தான்மேல் கோபம், அம்மாமேல் கோபம், மேசையின் அளவுமேல்கூடக் கோபம். ஆனாலும் துணியைப் பழையதாக்கும் வேலையில் இறங்கினாள். கோபக்காரர்களிடம் உள்ள வசதி இது. திட்டிக்கொண்டே எதையும் செய்துவிடுவார்கள்.

குளிக்கும்போது வெந்நீரில் ஊறவைத்தாள். துவைத்தாள். மின்விசிறிக்குக் கீழே காயவைத்தாள். மறுபடி துவைத்தாள். குளியலறையில் என்ன இவ்வளவு நேரம் என்று அப்பா கதவைத் தட்டினார். ஆறாவது துவையலில் குண்டூசித் துளைகள் மூடிக்கொண்டன. விறைப்பும் கொஞ்சம் போனது. ஆனால் நிறம் அப்படியே பளிச்சென்று நின்றது. நல்ல சாயம். ஒரு வருஷம் ஒரு மனிதன் போட்டுத் துவைத்துப் போட்டுத் துவைத்த துணி இப்படி இருக்காது. விடுமுறை தொடங்க ஒரே நாள்தான் மிச்சம்.

மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நுரைக்கல் தூளை வைத்துப் பல்செட்டை மெருகேற்றும் சுழல் சக்கரம் உண்டு. டிகிரி துணியோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்ன மேடம், துணிக்கும் பல் கட்டணுமா?"

"இதைப் பழசாக்கணும்ணே."

"எல்லாரும் பழசைப் புதுசாக்கத்தான் என்கிட்ட வருவாங்க."

"காரணம் கேக்காதீங்க."

"நான் எங்க கேட்டேன்? எவ்வளவு வயசு வேணும், அதைச் சொல்லுங்க."

"ஒரு வருஷம். போட்டு, கழட்டி, துவைச்ச மாதிரி."

அவர் துணியைச் சக்கரத்தின் முன் விரித்துப் பிடித்தார். ஈரத் தூள் தெறித்தது. நீலம் மெல்ல வெளுத்தது. நூலின் மேல்முடி எழும்பி, துணி பூனை முதுகுபோல் மென்மையானது. டிகிரி தொட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் தடவை.

"பாத்துக்கோங்க," என்றார் அண்ணன். "யாரோ நல்லாப் போட்டுக் கிழிச்ச சட்டை மாதிரி ஆயிடுச்சு."

8

இங்கே கதையை நிறுத்தி ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது.

அம்மாவைப் பற்றி நான் எழுதியிருப்பது நியாயமா? மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தால் அவள் ஒரு வில்லி மாதிரித் தெரிகிறாள். மகளின் வெற்று வயிற்றைக் கட்டம் கட்டி மேசையில் தைத்து வைத்தவள். அப்படியொரு வரியை எழுதி அடித்தேன். அடித்ததை இப்போது வேறு வழியில் உங்களுக்குச் சொல்லியும் விட்டேன், பாருங்கள் என் யோக்கியதையை.

அம்மாவிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அஞ்சு துண்டை வைத்து மேசையை எப்படி மூடுவது என்பாள். அவள் மனதில் இருந்தது அவ்வளவேதானா? அதை நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியவில்லை. எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்தது, கம்பெனியில் ஒரு பொத்தான் கோணலாக இருந்தால் அந்தச் சட்டையை ஒதுக்கியே ஆகவேண்டிய ஒரு பெண், வீட்டுக்கு வந்தும் அந்தக் கையைக் கழற்றி வைக்கத் தெரியாமல் இருந்தாள் என்பது மட்டும்தான்.

இதைக் கையால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். அவள் எந்த நேரமும் இந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிடுவாள் என்று ஒரு பயம். அவளுக்கு இவ்வளவு சின்ன எழுத்துப் படிக்க வராது. ஆனாலும்.

9

விடுமுறையின் முதல் நாள். காலை ஒன்பது மணி. அக்காவும் குட்டியும் ஒன்பதரை மணி பஸ்ஸில் வருவார்கள். அப்பா மேசையைத் துடைத்துவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து ஊசிகளில் நூல் கோக்கத் தொடங்கினார். தைக்கிறவர்கள் நடுவில் நிறுத்தக் கூடாது என்பதற்காக இருபது ஊசியில் முன்கூட்டியே கோத்து ஊசித் திண்டில் குத்திவைப்பது அவர் வேலை. அவருடைய கட்டம் எல்லா வருஷமும் காக்கி.

அம்மா வந்து உட்கார்ந்தாள். வலது கட்டைவிரலில் கட்டு. "குடு, பாக்கலாம்," என்று இடது கையை நீட்டினாள்.

இடது கை என்பதில் டிகிரிக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது.

அம்மா காக்கியைத் தொட்டாள், வைத்தாள். தன்னுடையதைத் தொட்டாள், வைத்தாள். டிகிரியின் சுடிதார்த் துண்டை இழுத்துப் பார்த்து, "கோணலா வெட்டியிருக்க," என்றாள். பழுப்புச் சேலை. பூப்போட்ட கவுன். அதைக் கன்னத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டாள். பிறகு நீலம்.

விரல்கள் துணியின்மேல் போயின. நின்றன. திரும்ப வந்தன. அம்மா துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.

"இது சட்டையோட எந்தப் பக்கம்?"

"முதுகு."

"சட்டை கழுத்துல தேயும். கை மடிப்புல தேயும். பாக்கெட் வாயில தேயும். இது நடு முதுகுல வட்டமா தேஞ்சிருக்கு. ஓரத்துல சாயம் அப்படியே இருக்கு." துணியைத் திருப்பினாள். "உள்பக்கம் புதுசு. மாப்பிள்ளை என்ன, முதுகைக் கொண்டுபோய் அம்மிக்கல்லுலயா தேய்க்கிறாரு?"

"லிஃப்ட்ல சாஞ்சுக்கிட்டே நின்னிருப்பாரு," என்றார் அப்பா, ஊசியிலிருந்து கண் எடுக்காமல்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு டிகிரியைப் பார்த்தாள்.

* துவைத்ததோடு விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். 'புதுச் சட்டைம்மா, ரெண்டு தடவதான் போட்டாராம்' என்று சொல்லியிருந்தால், ஒரு முணுமுணுப்போடு முடிந்திருக்கும். கெட்டிக்காரத்தனம்தான் காட்டிக்கொடுத்தது. இயற்பியல் படித்தவளுக்கு உராய்வு தெரிந்திருந்தது. ஒரு உடம்பு ஒரு சட்டைக்குள் எங்கெங்கே அசையும் என்பது தெரிந்திருக்கவில்லை.

"இதைத் தேய்ச்சது யாரு?" என்றாள் அம்மா.

10

மூன்று பதில் எழுதிப் பார்த்தேன்.

முதல் பதில். "நான்தான்மா. கறை இருந்துச்சு, கிளினிக்ல குடுத்துத் தேய்ச்சேன்." இது நல்ல பதில். பாதி உண்மை. ஆனால் அம்மா உடனே என்ன கறை என்பாள். குழம்பா, கிரீஸா? கிரீஸ் என்றால், லிஃப்ட் வேலைக்குப் போகும்போது இவ்வளவு நல்ல சட்டையா போடுவார்? அம்மா ஒரு பிழை கிடைத்தால் நிறுத்தமாட்டாள், அதே சட்டைக் கட்டுக்குள் அடுத்த பிழையைத் தேடுவாள். அதுதான் அவள் வேலை. ஐந்தாவது கேள்வியில் டிகிரி மாட்டிக்கொள்வாள்.

இரண்டாவது பதில். "அத்தான் போயிட்டாரு." எனக்குப் பிடித்த பதில். மூடி மறைப்பது எனக்கு ஆகவே ஆகாது. நான் இப்படிப் பட்டென்று சொல்லிப் பேர் வாங்கியவள். எழுதியும் விட்டேன். எழுதியபிறகு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் அக்காவை நினைத்தேன். ஜன்னல் ஓரம் குட்டி தூங்கியிருப்பாள். எப்படிச் சிரிப்பது, கேட்டால் என்ன சொல்வது என்று அக்கா ஒவ்வொன்றாக ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவாள். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவளுக்கு மட்டும் அது தெரியாது. டிகிரியின் நேர்மைக்கு அக்கா கொடுக்கும் விலை. அடித்தேன்.

மூன்றாவது பதில் இரண்டு பக்கம். வெள்ளைத்துணியில் தொடங்கி, தொண்ணூறு வேளைச் சாப்பாட்டைச் சொல்லி, ஒரு பெண் எட்டு மாசமாகத் தன் தாயிடம் வாய் திறக்க முடியாமல் போனது யாரால் என்று முடித்தேன்.  மறுநாள் படித்தால் டிகிரி மட்டுமே பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இரண்டு பக்கத்திலும் வாயே இல்லை. சரி, ஒரு வரியாவது கொடுப்போம் என்று கொடுத்தேன். அவள் சொன்னாள்: "வெள்ளைத்துணி கஷ்டமா இருந்துச்சுன்னா எடுத்துடும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நீயும் அங்கதான உக்காந்து சாப்பிட்ட?"

  அந்த முப்பது நாளும் டிகிரி அதே மேசையில், சாப்பிட்டுக்கொண்டே பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

ஆக, மூன்று பதிலும் போனது. எல்லாவற்றுக்கும் வாய் வைத்திருந்தவள், மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டா பதில் வரணும்," என்றாள் அம்மா.

11

பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. (நான் வரவழைத்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை, விடுமுறை நாளில் வழியில் நெரிசல் இல்லை.) கதவைத் திறந்துகொண்டு குட்டி ஓடிவந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். பின்னால் அக்கா, இரண்டு பையோடு. இளைத்திருந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள்.

"என்ன எல்லாரும் பரீட்சை எழுதுற மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்," என்றார் அப்பா. பையை வாங்கிக்கொண்டார். "வாம்மா. கையைக் கழுவிட்டு வா."

வழக்கப்படி வைக்கத் தொடங்கினார்கள். அம்மா தன்னுடையதை இடது மேல் மூலையில் வைத்தாள். பக்கத்தில் அப்பாவின் காக்கி. அடுத்து டிகிரி தன் கோணல் துண்டை வைத்தாள். அம்மா அதை நேராக்கவில்லை, வைத்த துண்டை அடுத்தவர் தொடுவது வழக்கத்துக்கு விரோதம். கீழ் வரிசையில் அக்கா பழுப்புச் சேலையை வைத்தாள். குட்டி நாற்காலியில் ஏறி, நடுவில் ஒரு இடத்தைத் தாண்டி, கவனமாக ஓரத்தில் தன் பூத்துணியை வைத்தாள். தாண்டும்போது பாட்டியைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. ஏழு வயதில் அவ்வளவு கவனம் இருக்கக் கூடாது.

நடுவில் பலகை தெரிந்தது.

நீலத்துணி அம்மாவின் கையில் இருந்தது. அவள் அதை அக்காவிடம் நீட்டினாள்.

"மாப்பிள்ளையோடது. உங்க வீட்டு ஆளுதான வைக்கணும்."

அந்தக் குரல் எப்படி இருந்தது என்று எழுத நான்கு தடவை முயன்றேன். 'சந்தேகத்தோடு' என்று எழுதினேன், அது இல்லை. 'பரிவோடு' என்று எழுதினேன், அது நான் ஆசைப்பட்டது. 'எப்போதும்போல' என்று எழுதினேன், அது பொய். அம்மா சொன்னாள். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

அக்கா துணியை வாங்கினாள். வாங்கியதும் அவள் கட்டைவிரல் தானாக அந்த மெத்தென்ற வட்டத்துக்குப் போனது. தான் அனுப்பிய துணி இப்படி இருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். டிகிரியைப் பார்த்தாள். டிகிரி ஊசித் திண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது ஊசி, இருபது வால் நூல். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பார்வையை எடுக்கவில்லை.

குட்டி நாற்காலியிலிருந்து இறங்காமல் நின்றாள்.

அக்காவின் கை மேசைக்கு மேலே போனது. துணியோடு. அந்த இடத்துக்கு நேர் மேலே.

இங்கே நிறுத்துகிறேன். கையை நான் இறக்கப்போவதில்லை. துணியை வைத்தாள் என்று எழுதினால் பத்து நாள் நிம்மதி என்பீர்கள். வைக்காமல் மடித்துத் தன் பைக்குள் போட்டாள் என்று எழுதினால் தைரியசாலி என்பீர்கள். அம்மாவே கைநீட்டி வாங்கிக்கொண்டாள் என்று எழுதினால் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். மூன்றும் எழுதத் தெரியும் எனக்கு. மூன்றிலும் அக்கா என்னைத் திரும்பிக் கேட்கிறாள்: "உனக்கென்னடி, எழுதிட்டுப் போயிடுவ."

அதனால் நீங்கள் இறக்குங்கள். அவசரமில்லை, யோசித்தே இறக்குங்கள். ஆனால் இறக்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போக முடியாது. விடுமுறை இன்றுதான் தொடங்கியிருக்கிறது. நீங்கள் என்ன முடிவு செய்தாலும், அந்த இடத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து இன்னும் ஒன்பது நாள், மூன்று வேளையும், நீங்கள்தான் சாப்பிட்டாக வேண்டும்.